நசுங்கிய காரை நிமிர்த்துவது எப்படி?

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக ஒரு பழைய அம்பாசடர் கார் நிற்கிறது. பின்னால் வரும் இன்னொரு கார் உரிய நேரத்தில் நிற்கவில்லை. "டமார்!" பின்பக்கத்துப் பம்பர் உள்ளே போய்விட்டது. டிக்கியின் கதவு நடுவில் கூடாரம்போல் மடிந்து நிற்கிறது. மட்கார்டில் ஒரு பெரிய சொட்டை. டிக்கியின் தரைத் தகடும் அலை அலையாக நெளிந்துவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை.

சில வாரங்கள் கழித்து அதே கார் டிங்கரிங் பட்டறையிலிருந்து பளபளப்பாக வெளியே வருகிறது. அடிபட்ட இடம் எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. இது எவ்வாறு நிகழ்ந்தது? நசுங்கிய தகடு உண்மையிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா? அல்லது திரும்பியதுபோல் தோன்றுகிறதா? பின் இருக்கையில் அமரப் போகிறவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிக முக்கியமானது. உங்கள் பாடநூலில் உள்ள பௌதிகத்தையும் கணிதத்தையும் கொண்டே இதை ஆராய்வோம்.

நாம் அம்பாசடரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய தயாரிப்பு 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆனாலும் பழைய வண்டிகளைப் பேணிக் காத்து ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதன் உடல் மென்னெஃகுத் தகட்டால் ஆனது. மென்னெஃகு வளையும், நிமிரும், தட்டினால் நீளும், சூடேற்றினால் இளகும். ஆகவே, தகடு நிமிர்த்தும் கலையைக் கற்க இது நல்லதொரு பாடம்.

மோதலில் என்ன நடந்தது?

வண்டி ஒவ்வொன்றின் நிறையும் 1,100 கிலோகிராம் என்று கொள்வோம். பின்னால் வந்த வண்டியின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு 10 மீட்டர். மோதிய பின் இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து நகர்வதாகக் கொள்வோம்.

உந்தம் அழியாது என்பது விதி. மோதலுக்கு முன் மொத்த உந்தம் 1,100 × 10 = 11,000. மோதிய பின் நகரும் நிறை 2,200 கிலோகிராம். ஆகவே, இரண்டும் சேர்ந்து செல்லும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர்.

இனி இயக்க ஆற்றலைப் பார்ப்போம். முன்பு: ½ × 1,100 × 10 × 10 = 55,000 ஜூல். பின்பு: ½ × 2,200 × 5 × 5 = 27,500 ஜூல். சரிபாதி ஆற்றலைக் காணோம்! அது எங்கே போயிற்று? சிறிதளவு ஓசையாகப் போயிற்று. மீதி முழுவதும் தகடுகளை மடிக்கும் வேலையில் செலவாகி, இறுதியில் வெப்பமாக மாறியது. 27,500 ஜூல் என்பது, அந்தக் காரை ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் கிடைக்கும் ஆற்றல். இரண்டு வண்டிகளும் இதைப் பங்கிட்டுக்கொண்டன.

தகடு மடிந்தது தீமை மட்டுமல்ல என்பதை இங்கே கவனியுங்கள். மடிந்ததால்தான் அந்த ஆற்றல் அங்கேயே செலவாயிற்று. மடியாமல் இருந்திருந்தால் அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருப்பவர்களின் கழுத்தையும் முதுகையும் தாக்கியிருக்கும்.

மீளும் வளைவும் மீளாத வளைவும்

ஒரு நீண்ட எஃகு அளவுகோலைச் சற்றே வளைத்து விடுங்கள். அது துள்ளி நேராகிறது. ஒரு கம்பியை மடக்கென்று மடித்துப் பாருங்கள். அது மடிந்தபடியே நிற்கிறது. முதலாவது, மீட்சி எல்லைக்கு உட்பட்ட வளைவு. இரண்டாவது, அந்த எல்லையைத் தாண்டிய வளைவு.

இரும்பின் உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. சிறிய விசை, அணுக்களைச் சற்றே விலக்குகிறது. விசையை எடுத்ததும் அவை தம் இடத்துக்குத் திரும்புகின்றன. விசை மிகுந்தால் ஒரு வரிசை இன்னொரு வரிசையின்மேல் வழுக்கிச் செல்கிறது, பிறகு திரும்புவதில்லை. ஆனால் ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. அடுக்கில் உள்ள சிறு பிசகு ஒன்று, தரையில் விரித்த கம்பளத்தின் சுருக்கத்தைக் காலால் தள்ளுவதுபோல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. 1934-ஆம் ஆண்டில் டெய்லர், ஒரோவன், போலான்யி ஆகிய மூன்று அறிஞர்கள் தனித்தனியே இந்தக் கருத்தை வெளியிட்டனர்.

மென்னெஃகின் மீட்சி எல்லை எவ்வளவு? ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குத் திரிபு. அதாவது, 1 மீட்டர் நீளமுள்ள பட்டையை 1 மில்லிமீட்டர் வரை இழுத்தால் அது மீளும். அதற்குமேல் இழுத்தால் முழுவதும் மீளாது.

இதைக் கொண்டு ஓர் அழகான கணக்குப் போடலாம். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டை ஒரு வட்டத்தின் பகுதியாக வளைக்கிறோம். தகட்டின் வெளிப்பரப்பு நீள்கிறது, உட்பரப்பு குறுகுகிறது, நடுப்படலம் மாறுவதில்லை. பரப்பில் ஏற்படும் திரிபு, தடிப்பில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். இங்கே தடிப்பில் பாதி 0.5 மில்லிமீட்டர். திரிபு 0.001 ஆக வேண்டுமானால் ஆரம் 500 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். அரை மீட்டருக்கும் பெரிய ஆரத்தில் மெதுவாக வளைந்த இடம் தானே மீளும். அதைவிடக் கூர்மையாக வளைந்த இடம் தானாக முழுவதும் மீளாது.

மட்கார்டில் உள்ள சொட்டையை இனிப் புதிய கண்ணோடு பாருங்கள். நடுவில் அகன்ற, ஆழமற்ற பள்ளம். அதைச் சுற்றி விளிம்பில் கூர்மையான மேடும் மடிப்பும். பள்ளத்தின் பெரும்பகுதி உண்மையில் கெட்டுப்போகவே இல்லை! அது மீளத் துடித்துக்கொண்டிருக்கிறது. விளிம்பில் உள்ள மடிப்புகள்தான் பூட்டுப்போல் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பழக்கமில்லாதவர் பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிப்பார். தேர்ந்த டிங்கர் விளிம்பைத் தடவிப் பார்த்துப் பூட்டை முதலில் திறப்பார். சில சமயம் மடிப்பில் நாலைந்து தட்டுத் தட்டியதும், பள்ளம் "டப்" என்று தானே எழும்பிவிடும். அழுத்தினால் "டிக் டிக்" என ஒலிக்கும் தகரத் தவளைப் பொம்மையில் நடப்பதும் இதைப் போன்றதே.

முதல் கருவி சுத்தியல் அன்று

நல்ல பட்டறையில் முதலில் கையில் எடுக்கப்படுவது ஸ்பானர். பாட்டரியின் இணைப்பைக் கழற்றுகிறார்கள். பிறகு பெட்ரோல் தொட்டியை வண்டியிலிருந்து இறக்கித் தொலைவில் வைக்கிறார்கள். அம்பாசடரின் பெட்ரோல் தொட்டி வண்டியின் பின்பகுதியிலேயே இருக்கிறது. அங்கேதான் நெருப்பு வேலையும் நடக்கப் போகிறது.

"தொட்டி காலிதானே, இருக்கட்டும்" என்று விடுவது பெருந்தவறு. காலித் தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. எரிவது திரவப் பெட்ரோல் அன்று, அதன் ஆவியே. காற்றில் பெட்ரோல் ஆவி கன அளவில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். காலித் தொட்டியினுள் அந்தக் கலவை எளிதில் அமைந்துவிடும். மேலும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று பள்ளங்களில் தேங்கும்.

இரண்டாவது கருவி அளவு நாடா. இதற்கும் காரணம் உண்டு. லாரியின் அடியில் தனியான உறுதிச் சட்டம் இருக்கும்; உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். அம்பாசடரில் அப்படியில்லை. தகடுகளை மடித்துப் பெட்டிபோல் இணைத்த உடலே எலும்புக்கூடாகவும் இருக்கிறது. பின் அச்சைத் தாங்கும் வில் பட்டைகள் இந்த உடலோடுதான் பூட்டப்பட்டுள்ளன. பின்பகுதி கோணினால் அச்சும் கோணும். அப்போது வண்டி நண்டைப்போல் சற்றே பக்கவாட்டில் நகர்ந்தபடி ஓடும். டயர் விரைவில் தேயும். மழைநாளில் திடீரென்று பிரேக் போட்டால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகலாம்.

கோணலை எப்படிக் கண்டுபிடிப்பது? சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, அடிப்பகுதியில் இடமும் வலமும் ஒத்த நான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் சாக்குக் கட்டியால் குறிக்கிறார்கள். பிறகு வண்டியை நகர்த்திவிட்டு, மூலைவிட்டங்களை அளக்கிறார்கள். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று நீங்கள் வடிவியலில் படித்த தேற்றம் இங்கே வேலை செய்கிறது!

புள்ளிகளுக்கிடையே அகலம் 120 சென்டிமீட்டர், நீளம் 160 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பித்தகோரஸ் தேற்றப்படி இரு மூலைவிட்டங்களும் 200 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பின்பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் 1 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்துவிட்டன என்றால், ஒரு மூலைவிட்டம் 200.6, மற்றொன்று 199.4. வேறுபாடு 1.2 சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத கோணலை ஒரு சாதாரண நாடா காட்டிக்கொடுத்துவிட்டது.

கடைசியில் மடிந்தது முதலில் நிமிர வேண்டும்

ஒரு கடிதத்தை நாலாக மடித்திருக்கிறீர்கள். அதைப் பிரிக்கும்போது எந்த மடிப்பை முதலில் பிரிப்பீர்கள்? கடைசியாக மடித்ததைத்தான். காருக்கும் இதுவே விதி. மோதலில் முதலில் பம்பர் போயிற்று, பிறகு பின்தகடு, பிறகு டிக்கியின் தரை, கடைசியாக, மோதிய இடத்திலிருந்து தொலைவில் உள்ள மட்கார்டின் மேற்பகுதி. ஆகவே, தொலைவில் உள்ள மடிப்பிலிருந்து தொடங்கி, மோதிய இடத்தை நோக்கி வர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பழைய மடிப்பு அகலாமல் அதன் அருகே புதிய மடிப்பு ஒன்று உண்டாகும்.

பின்தகட்டையும் தரையையும் சுத்தியலால் நிமிர்த்த முடியாது, இழுக்க வேண்டும். வண்டியின் முன்பகுதியை உறுதியான கம்பத்தோடு பிணைத்து, நசுங்கிய பகுதியைக் கவ்விகளால் பிடித்து, சங்கிலியும் கப்பியும் கொண்டு மோதல் வந்த திசைக்கு எதிராக மெதுவாக இழுக்கிறார்கள். உட்புறமிருந்து தள்ள நீரியல் ஜாக்கி உதவுகிறது. அதில் சிறிய உந்துதண்டின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பெரியதன் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால், பாஸ்கல் விதிப்படி நாம் செலுத்தும் விசை 20 மடங்காகிறது.

இழுத்துப் பிடித்திருக்கும்போதே, மடிப்புகளின்மேல் மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டுகிறார்கள். அப்போது பூட்டிக்கொண்டிருந்த தகைவுகள் தளர்கின்றன. சரியான அளவு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. கயிற்றைத் தளர்த்தியதும் தகடு சற்றே பின்னோக்கிச் செல்லும் அல்லவா? ஆகவே, அந்த மீட்சிக்கும் இடங்கொடுத்துச் சிறிது மிகையாக இழுத்து, தளர்த்தி, மீண்டும் அளந்து பார்க்கிறார்கள். ஒரே இழுப்பில் முடிப்பதைவிடப் பத்துச் சிறு இழுப்புகளில் முடிப்பதே முறை.

சுத்தியலும் டாலியும்

இப்போதுதான் சுத்தியலின் முறை வருகிறது. ஒரு கையில் சுத்தியல். மற்றொரு கையில், தகட்டின் உட்புறத்தில், டாலி. உள்ளங்கையில் அடங்கும் சிறிய அடைகல்தான் டாலி. இவை இரண்டையும் பயன்படுத்த இரு வழிகள் உண்டு.

முதல் வழியில், டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடித்து, சுத்தியலால் அருகிலுள்ள மேட்டைத் தட்டுகிறார்கள். மேடு இறங்குகிறது, பள்ளம் ஏறுகிறது. தகடு நசுங்குவதில்லை. இரண்டாவது வழியில், டாலி இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயே தட்டுகிறார்கள். இங்கே தகடு இரண்டுக்கும் நடுவில் சிக்கி நசுங்குகிறது. வழவழப்பாகும், ஆனால் மெலிந்துபோகும். கன அளவு மாறாததால், மெலிந்தால் பரப்பு பெருக வேண்டும். 100 சதுர சென்டிமீட்டர் தகடு ஒரு சதவீதம் மெலிந்தால், ஏறத்தாழ 101 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். அந்தக் கூடுதல் பரப்பு எங்கே போகும்? சுற்றிலும் உள்ள தகடு அதை விரிய விடாது. ஆகவே, அது உப்பி நிற்கும். விரலால் அழுத்தினால் "டப்" என்று உள்ளே போய் வெளியே வரும். அளவுக்கு மீறித் தட்டியதன் அடையாளம் இது.

மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. குளிர்ந்த நிலையில் மடிபட்ட, அடிபட்ட இரும்பு இறுகிவிடுகிறது. நகரும் பிசகுகள் பெருகி, ஒன்றையொன்று சிக்கவைத்துக்கொள்வதே காரணம். மடிந்த கோடு சுற்றியுள்ள தகட்டைவிடக் கடினமாக இருப்பதும் இதனால்தான். பித்தளைத் தகட்டைத் தட்டிக் குடம் செய்யும் கன்னார் இடையிடையே அதை நெருப்பில் காய்ச்சி எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். தட்டித் தட்டி இறுகிய உலோகத்தை இளக்கவே அப்படிச் செய்கிறார். காய்ச்சாமல் மேலும் தட்டினால் வெடிப்பு விழும்.

சூடேற்றினால் சுருங்குமா?

உப்பி நிற்கும் தகட்டைச் சரிசெய்ய டிங்கர் செய்யும் செயல் நமக்கு விந்தையாகத் தோன்றும். உப்பிய இடத்தில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் சுடர் கொண்டு மங்கிய சிவப்பாகச் சூடேற்றுகிறார். சுற்றித் தட்டுகிறார். பிறகு ஈரத் துணியால் ஒற்றி எடுக்கிறார். தகடு சுருங்கி இறுகிவிடுகிறது! வெப்பம் உலோகத்தை விரிவடையச் செய்யும் என்றுதானே படித்தோம்?

படித்தது சரியே. எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரிவடைகிறது. 20 மில்லிமீட்டர் வட்டத்தை 700 பாகை உயர்த்தினால், அதன் விட்டம் 20 × 700 × 0.000012, அதாவது ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் கூட வேண்டும். ஆனால் சுற்றிலும் உள்ள குளிர்ந்த, கடினமான தகடு அதை விரிய விடுவதில்லை. சிவந்த இரும்போ மெழுகுபோல் இளகியிருக்கிறது. பக்கவாட்டில் போக வழியில்லாமல் அது தடிப்பில் பெருக்கிறது. குளிரும்போது தடையில்லாமல் சுருங்குகிறது. விரிவைத் தடுத்தோம், சுருக்கத்தைத் தடுக்கவில்லை. விளைவு, மொத்தத்தில் சுருக்கம். இப்படி நாலைந்து புள்ளிகள் போதும்.

துருவும் பற்றவைப்பும்

பழைய வண்டியில் டிங்கருக்கு மற்றோர் எதிரி உண்டு. பெயிண்டைச் சுரண்டியதும் டிக்கியின் தரையில் துருவேறிய ஓட்டைகள் தெரிகின்றன. இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் துரு. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடுக்குகளில் மழைநீர் தேங்குவதால், துரு அங்கேதான் தொடங்குகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, இணைப்பை உள்ளிருந்தே நெம்பிப் பிளக்கும். துருப்பிடித்த தகட்டை நிமிர்த்துவதில் பயனில்லை. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிப்புள்ள புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும்.

ஆக்சிஜனும் அசெட்டிலீனும் சேர்ந்து எரியும் சுடரின் வெப்பம் 3,000 பாகையைத் தாண்டும். எஃகு ஏறத்தாழ 1,500 பாகையில் உருகிவிடும். மெல்லிய தகட்டில் ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போனால், மேலே கண்ட சுருக்கம் பெரிய அளவில் நிகழ்ந்து தகடு முறுக்கிக்கொள்ளும். அதனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புகிறார்கள்.

தரையில் ஓர் ஓட்டையைக்கூட விட்டுவிடக் கூடாது. புகைபோக்கிக் குழாயின் வாய் அருகில்தான் இருக்கிறது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது சேர்ந்துகொள்ளும். சன்னல்களை மூடிக்கொண்டு நெடுந்தூரம் செல்லும்போது, பின் இருக்கையில் உறங்கும் குழந்தை மயங்கியிருப்பது யாருக்கும் தெரியாது. எனவே, இணைப்புகள் முழுவதையும் அடைப்புப் பசையால் மூடுவது அழகுக்காக அன்று, உயிருக்காக.

பட்டி: நண்பனா, திரையா?

எவ்வளவு நன்றாகத் தட்டினாலும் சிறு மேடுபள்ளங்கள் மிஞ்சும். அவற்றை நிரப்பவே பட்டி. முன்னாளில் ஈயக் கலவையை உருக்கித் தடவுவது உண்டு, ஈயம் நஞ்சு. இப்போது பாலியெஸ்டர் பட்டி பயன்படுகிறது. பிசினோடு மாக்கல் தூள் போன்ற பொருள்கள் சேர்ந்த பசை அது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு பெராக்சைடுப் பசையைக் கலந்தால், நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து சில நிமிடங்களில் கல்லாகிறது. வினையில் வெப்பம் வெளிப்படுவதால் கை பொறுக்கும் சூட்டை உணரலாம். பட்டியை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு; மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

பட்டியின் தடிப்பு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது நண்பன். சொட்டையை எடுக்காமலே விரற்கடைத் தடிப்புக்கு அப்பினால் அது வெறும் திரை. இரும்பும் பட்டியும் வெயிலில் ஒரே அளவு விரிவடைவதில்லை. அதிர்விலும் வெப்பத்திலும் தடித்த பட்டி வெடிக்கும். வெடிப்பில் நீர் புகும். மேலே பளபளப்பு இருக்க, அடியில் துரு வளரும்.

பட்டியின்மேல் பிரைமர், அதன்மேல் வண்ணம். வெற்று இரும்பு தெரியும் இடங்களில் துத்தநாகம் கலந்த பிரைமர் பூசுவது சிறப்பு. இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் எலெக்ட்ரான்களை இழப்பதால், தான் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

வடிவம் வந்தது, வலிமை வந்ததா?

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். ஒவ்வோர் உலோகமும் முறிவதற்கு முன் இவ்வளவுதான் நீளும், மடியும் என்று ஓர் இருப்பு உண்டு. முதல் மோதலில் அந்த இருப்பில் ஒரு பகுதி செலவாகிவிட்டது. தட்டி நிமிர்த்தியதில் மேலும் சிறிது செலவாயிற்று. வடிவம் திரும்பலாம், செலவான இருப்பு தானாகத் திரும்பாது. மட்கார்டு போன்ற வெளித்தகட்டில் இதனால் பெரிய கேடில்லை. ஆனால் வில் பட்டைகளைத் தாங்கும் பெட்டித் தகடுகள் கூர்மையாக மடிந்திருந்தால், அவற்றை நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாகாது. வெட்டி எடுத்துப் புதியது வைப்பதே முறை.

காரின் முன்னும் பின்னும் திட்டமிட்டு மடிய வேண்டும், நடுவில் மனிதர் இருக்கும் அறை மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற கருத்துக்குப் பேலா பாரெனி என்ற பொறியாளர் 1951-இல் காப்புரிமை கோரினார். 1959-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் கார் ஒன்றில் அது நடைமுறைக்கு வந்தது. அம்பாசடரின் உடல் அதற்கு முந்திய வடிவமைப்பு. புதிய கார்களிலோ மடியும் பகுதிகள் கணக்கிட்டு அமைக்கப்படுகின்றன; உயர்வலிமை எஃகும் பயன்படுகிறது. அதைச் சூடேற்றினால் அதன் வலிமையே கெட்டுவிடும். எனவே, அம்பாசடருக்குப் பொருந்தும் வைத்தியத்தைப் புதிய காருக்குச் செய்யக் கூடாது.

பட்டறையிலிருந்து வண்டியைப் பெறும்போது வண்ணத்தின் பளபளப்பை மட்டும் பார்ப்பவர்களே மிகுதி. மூலைவிட்ட அளவுகள் எவ்வளவு, தரையின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது, எந்தத் தகடு புதியது என்று கேட்பவர் சிலரே. நேர்மையான டிங்கர் அந்தக் கேள்விகளை மகிழ்ச்சியோடு வரவேற்பார். தம் வேலையின் அருமை தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

செய்து பாருங்கள்

1. தடித்த செப்புக் கம்பி ஒன்றைக் கையால் மடித்து, மீண்டும் நேராக்குங்கள். மடித்த இடத்திலேயே அது நேராகிறதா? இல்லை, அந்த இடம் சிறு முடிச்சுப்போல் விறைத்து நிற்க, பக்கத்தில் புதிய வளைவு தோன்றும். அடிபட்ட உலோகம் இறுகுவதை உங்கள் விரலே உணரும்.

2. இரும்பு அலமாரியின்மேல் ஒரு சிறு காந்தத்தை வையுங்கள். இடையே தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எத்தனையாவது தாளில் காந்தம் நழுவுகிறது? மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தால் பழைய கார்களின் தடித்த பட்டியைக் கண்டுபிடிப்பதும் இம்முறையில்தான். உரிமையாளரின் இசைவு பெற்றுச் சோதியுங்கள்.

3. நான்கு அட்டைப் பட்டைகளை மூலைகளில் குண்டூசியால் இணைத்துச் செவ்வகச் சட்டம் செய்யுங்கள். அதைச் சற்றே சாய்த்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்குகள்

1. பின்னால் வந்த வண்டி மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், தகட்டை மடிக்கச் செலவாகும் ஆற்றல் எவ்வளவு?

2. தகட்டின் தடிப்பு 0.5 மில்லிமீட்டர் என்றால், எந்த ஆரம் வரை வளைத்தால் அது மீளும்?

3. அகலம் 90, நீளம் 120 சென்டிமீட்டர் உள்ள செவ்வகத்தில் பின்பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் 2 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், மூலைவிட்டங்களின் வேறுபாடு எவ்வளவு?

விடைகள்: 1. 6,875 ஜூல், வேகம் பாதியானால் சேதம் செய்யும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிறது. 2. 250 மில்லிமீட்டர். 3. ஏறத்தாழ 2.4 சென்டிமீட்டர்.